லேசர் வெளிச்சத்துக்குள் ஒரு கழித்தல் குறி: சுதர்சன் 1963-இல் போட்ட கணக்கு என்ன சொல்கிறது?

ஆடித் தபசு அன்று சங்கரன்கோவிலுக்குள் நுழைவது லேசான காரியம் இல்லை. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் நிற்கும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன்தான் பெரியவர் என்றான் ஒருவன், திருமால்தான் என்றான் இன்னொருவன். வழக்கு கோமதி அம்மனிடம் போனது. அம்மன் தவம் இருந்தார். பாதி சிவனும் பாதி திருமாலுமாக, சங்கரநாராயணராக ஒரே உருவில் காட்சி கிடைத்தது.

இந்தக் கதையைச் சொன்னதுமே, "பார்த்தீங்களா, குவாண்டம் பிசிக்ஸை நம்மாளுங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு கிளம்பும். வேண்டாம். அது பக்தி, இது கணக்கு. இரண்டையும் போட்டுக் கலக்கினால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. நமக்கு இங்கே வேண்டியது அந்த நாகர்களின் சண்டை மட்டும்தான்.

ஏன்னா, 1963-இல் இயற்பியலிலும் கிட்டத்தட்ட அப்படி ஒரு சண்டை நடந்தது. லேசர் வந்து மூன்றே வருஷம். ஒளியின் ஏற்ற இறக்கங்களை விளக்க, ஒளியை அலையாகப் பார்க்கும் பழைய கணக்கே போதும் என்றது ஒரு தரப்பு. போதவே போதாது, ஒளியை ஃபோட்டான்களாகப் பார்க்கும் குவாண்டம் கணக்கு வேண்டும் என்றது மறு தரப்பு. நடுவில் வந்தவருக்கு அப்போது 31 வயது. செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோட்டயத்தை ஒட்டிய பள்ளம் என்ற ஊரில் பிறந்தவர். தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். இ.சி.ஜி. சுதர்சன். அவர் தந்த விடையில் ஒரு கழித்தல் குறி ஒளிந்திருந்தது. அந்தக் குறி என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள இரண்டே சொற்கள் தெரிந்தால் போதும்: லெக்ராஞ்சியன், ஒத்திசைவு நிலை.

பூப்பை எந்த வழியாகப் போகும்?

முதலில் லெக்ராஞ்சியன். சங்கரன்கோவில் மலர்ச்சந்தையில் காலை நேரம். கீழே நிற்பவர் ஒரு கிலோ மல்லிகைப் பையை வேன் மேல் நிற்பவரிடம் தூக்கி எறிகிறார். பை வளைந்து போய் அவர் கையில் விழுகிறது. ஏன் அந்த வளைவு? ஏன் நேர்கோட்டில் போகவில்லை? ஏன் இன்னும் உயரமாகப் போய்த் திரும்பவில்லை?

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது நியூட்டன் வழி. விசை இவ்வளவு, முடுக்கம் இவ்வளவு என்று கணத்துக்குக் கணம் தள்ளிக்கொண்டே போவது. 1788-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் லெக்ராஞ்ச் வேறு வழி காட்டினார். எந்தக் கணத்தை எடுத்தாலும், பையின் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழியுங்கள். இந்த வித்தியாசத்துக்குத்தான் லெக்ராஞ்சியன் என்று பெயர். எறிந்த கணத்திலிருந்து பிடித்த கணம் வரை அதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கிடைக்கும் மொத்தத்துக்குப் பெயர் 'ஆக்‌ஷன்'. எறிந்த இடம், பிடித்த இடம், ஆன நேரம் மூன்றையும் மாற்றாமல் விதவிதமான பாதைகளைக் கற்பனை செய்தால், நிஜத்தில் பை போகும் பாதையில்தான் இந்த மொத்தம் மிகக் குறைவாக வரும். கறாராகச் சொன்னால், பாதையைத் துளி அசைத்தாலும் மொத்தம் அசையாமல் நிற்கும்.

இதில் ஒரு பேரம் இருக்கிறது. உயரத்தில் அதிக நேரம் இருந்தால் நிலை ஆற்றல் கூடும். அதைக் கழிப்பதால் மொத்தம் குறையும், லாபம். ஆனால் அதே நேரத்துக்குள் ரொம்ப உயரம் போய்த் திரும்ப வேண்டுமென்றால் வேகம் எடுக்கணும், இயக்க ஆற்றல் ஏறிவிடும், நஷ்டம். லாபமும் நஷ்டமும் ஒத்துப்போகும் இடம்தான் நாம் பார்க்கிற வளைவு.

சரி, மல்லிகைப் பைக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்? எல்லாப் பாதைகளையும் போட்டுப் பார்த்துவிட்டா கிளம்புகிறது?

கிட்டத்தட்ட ஆமாம் என்பதுதான் குவாண்டம் பதில். 1933-இல் டிராக் அதற்கு அடி எடுத்துக் கொடுத்தார். 1948-இல் ஃபெய்ன்மன் முழு முறையாக்கினார். போக முடிந்த பாதை ஒவ்வொன்றுக்கும் கடிகார முள் மாதிரி ஒரு முள் உண்டு. அந்தப் பாதையின் ஆக்‌ஷன் எவ்வளவோ அவ்வளவு முள் சுழலும். கடைசியில் எல்லா முட்களையும் கூட்ட வேண்டும். ஒரு கிலோ பை மூன்று மீட்டர் உயரம் போகும் பாதையில் அந்த முள் எத்தனை சுற்று சுற்றும் தெரியுமா? ஏறத்தாழ 1-க்குப் பின்னால் 34 பூஜ்யம். பாதையை மயிரிழை மாற்றினாலும் முள் வேறெங்கோ போய் நிற்கும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆக்‌ஷன் அசையாமல் நிற்கும் அந்த ஒரு பாதையை ஒட்டிய முட்கள் மட்டும் ஒரே திசையைக் காட்டும். அதனால்தான் பை 'ஒரே வழியில்' போவதாக நமக்குத் தெரிகிறது. எலெக்ட்ரானுக்கு முள் இவ்வளவு சுற்றாது. அதனால் அங்கே பல பாதைகளும் கணக்கில் நிற்கின்றன.

ஆக, அன்றாட உலகத்துக்கும் குவாண்டம் உலகத்துக்கும் லெக்ராஞ்சியன் ஒன்றுதான். ஃபார்முலா மாறுவதில்லை, அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

ஆடாத ஊஞ்சல்

இப்போது பூப்பையை விட்டுவிட்டு ஒளிக்கு வருவோம். ஒளிக்கும் லெக்ராஞ்சியன் உண்டு. அங்கேயும் ஒரு கழித்தல்தான்: மின்புலத்தின் பங்கிலிருந்து காந்தப்புலத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டால், ஒரு குறிப்பிட்ட நிறத்தில் ஒரு குறிப்பிட்ட திசையில் போகும் ஒளி அப்படியே ஒரு ஊஞ்சல் மாதிரி நடந்துகொள்வது தெரியும். மின்புலம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆடுகிறது. அதுதான் அலை.

அதே ஊஞ்சலைக் குவாண்டம் விதிப்படி பார்த்தால், ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும். ஒரு படி ஏறினால் ஒரு ஃபோட்டான். பத்தாவது படியில் இருந்தால் பத்து ஃபோட்டான். இதுவரை பிரச்சினை இல்லை. "அப்போ நிறைய ஃபோட்டான் சேர்ந்தா அலை, அவ்வளவுதானே?" என்று கேட்கத் தோன்றும். கல்லூரியில் படித்த பலரும் இன்னமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அது தப்பு. ஒரு ஒளிக்கற்றையில் துல்லியமாக ஒரு லட்சம் ஃபோட்டான் இருக்கிறது, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்புலத்தின் சராசரி எந்த நேரத்தில் பார்த்தாலும் பூஜ்யம்தான். ஊஞ்சலில் ஆற்றல் இருக்கிறது, ஆனால் ஊஞ்சல் ஆடவில்லை. எண்ணிக்கை துல்லியமாகத் தெரிந்தால், ஊஞ்சல் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்ற தகவல் சுத்தமாக அழிந்துவிடும். லட்சம் என்ன, கோடி ஃபோட்டான் போட்டாலும் இதே கதைதான்.

அப்படியென்றால் ஆடும் நிலை எது? 1926-இல் ஷ்ரோடிங்கர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பல படிகளை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால், ஒரு சின்ன அலைப்பொட்டலம் உருவாகும். அது கலையாமல், பரவாமல், சாதாரண ஊஞ்சல் எப்படி ஆடுமோ, அதாவது பழைய லெக்ராஞ்சியன் எந்தப் பாதையைக் காட்டுகிறதோ, அச்சு அசல் அதே பாதையில் ஆடும். இதற்குத்தான் பின்னாளில் கோஹெரன்ட் ஸ்டேட் என்று பெயர் வந்தது. தமிழில் ஒத்திசைவு நிலை எனலாம். குவாண்டம் விதியை மீறாமல், பழைய உலகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிற்கும் நிலை இது. அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானுக்கும் இப்படியே நடக்கும் என்று ஷ்ரோடிங்கர் ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. பொட்டலம் பரவிவிடும் என்று லோரன்ஸ் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டினார். கண்டுபிடிப்பு அதற்கப்புறம் பல வருஷம் பாடப்புத்தகத்தில் ஒரு பயிற்சிக் கணக்காகக் கிடந்தது.

அதை வெளியே இழுத்தது லேசர். நன்றாக வேலை செய்யும் ஒரு லேசரின் ஒளி, இந்த ஒத்திசைவு நிலைக்கு ரொம்ப நெருக்கம்.

கூட்டங்களில் ஸ்லைடு காட்டப் பயன்படுமே, அந்தச் சிவப்பு லேசர் பாயிண்டரை எடுத்துக்கொள்வோம். சக்தி ஒரு மில்லிவாட். நொடிக்குச் சுமார் 3,300 லட்சம் கோடி ஃபோட்டான்கள் கிளம்புகின்றன. துல்லியமாக அத்தனை இல்லை, சராசரியாகத்தான். இந்த எண் நொடிக்கு நொடி எவ்வளவு தடுமாறும்? சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு. அதாவது ஐந்தே முக்கால் கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் மொத்தத்தோடு ஒப்பிட்டால் 10 கோடியில் 2 பங்குகூட வராது. அதனால்தான் பாயிண்டரின் புள்ளி நடுங்காமல் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதே ஒளியைச் சராசரி நான்கு ஃபோட்டான் அளவுக்கு மங்கலாக்கிப் பாருங்கள். தடுமாற்றம் இரண்டு, அதாவது சராசரியில் பாதி! நூறு முறை பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு முறை ஒன்றுமே இருக்காது. டீக்கடைக்கு ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் வந்து போகும் ஆட்களை எண்ணினால் எப்படி இருக்குமோ, அந்தக் கணக்கு.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒத்திசைவு நிலையிலிருந்து ஒரு ஃபோட்டானை எடுத்துப் பாருங்கள், மிச்சம் இருப்பதும் அதே நிலைதான். எத்தனை இருந்தது என்பதே நிச்சயமில்லாதபோது, ஒன்று போனதை அந்த நிலை எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

மைனஸ் ஐந்து நாள் மழை

1963 பிப்ரவரியில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராய் கிளாபர் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். ஒளியின் தடுமாற்றங்களுக்கு முழுமையான குவாண்டம் கணக்கு தேவை, பழைய அலைக் கணக்கு எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பது அவர் வாதம். அந்த அலைக் கணக்கை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் எமில் வுல்ஃப். சுதர்சன் இருந்த ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் அவரும் இருந்தார்.

ஏப்ரலில் அதே இதழில் சுதர்சனின் கட்டுரை வந்தது. அவர் செய்தது இது. எந்த ஒளியை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள்: லேசர், குண்டு பல்ப், சூரியன், ஒற்றை ஃபோட்டான். அதை ஒத்திசைவு நிலைகளின் கலவையாக எழுதிக் காட்டுகிறேன் என்றார். இந்த நிலைக்கு இத்தனை எடை, அந்த நிலைக்கு இத்தனை எடை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை இன்று P என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். இப்படி எழுதிவிட்டால், குவாண்டம் கணக்கின் ஃபார்முலா பழைய அலைக் கணக்கின் ஃபார்முலா மாதிரியே ஆகிவிடும். வுல்ஃப் தரப்புக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இங்கேதான் அந்தக் கழித்தல் குறி. எடை என்றால் என்ன? நூறு நாளில் அறுபது நாள் வெயில், நாற்பது நாள் மழை என்கிறோமே, அந்த மாதிரி நிகழ்தகவு. பல்ப் ஒளிக்கு அந்தப் பட்டியலில் எல்லா எடையும் நல்ல பிள்ளையாகக் கூட்டல் குறியோடு இருக்கும். லேசருக்கும் அப்படியே. ஒற்றை ஃபோட்டான் மாதிரி சில ஒளிகளுக்கு மட்டும் எடை மைனஸில் போகும், இல்லாவிட்டால் சாதாரண எண்ணாக எழுதவே முடியாத அளவுக்குக் கரடுமுரடாகும். வானிலை அறிக்கையில் "நூறு நாளில் மைனஸ் ஐந்து நாள் மழை" என்று வந்தால் நாம் என்ன சொல்வோம்? கணக்கு நோட்டில் மைனஸ் ஐந்து எழுதலாம், மொத்தமும் சரியாக வரும். ஆனால் அப்படி ஒரு நாள் கிடையாது.

என் பார்வையில் இதுதான் சுதர்சன் கணக்கின் அழகு. எடை எல்லாம் கூட்டல் குறியோடு இருந்தால், அந்த ஒளியைப் பழைய அலைக் கணக்கே விளக்கிவிடும். மைனஸ் வந்தால் முடியாது, அங்கே குவாண்டம் தவிர வேறு வழி இல்லை. இரண்டு தரப்பும் பாதி பாதி சரி. எந்தப் பாதி யாருடையது என்பதற்குக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். குவாண்டம் என்றாலே 'துகள்' என்று நினைத்துக்கொண்டிருந்தோம் இல்லையா? எல்லைக்கோடு அங்கே இல்லை. அந்தப் பட்டியலின் குறியில் இருக்கிறது.

அப்படி மைனஸ் ஒளி நிஜத்தில் உண்டா? 1977-இல் கிம்பிள், டேகனே, மாண்டல் மூவரும் சோடியம் அணுக்களிலிருந்து வரும் ஒளியில் காட்டினார்கள். ஓர் அணு ஒரு ஃபோட்டானை விட்டவுடன் உடனே இன்னொன்றை விடாது, கொஞ்சம் மூச்சு வாங்கும். அதனால் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று ஒட்டி வராமல் இடைவெளி விட்டு வந்தன. கூட்டல் எடைகளை மட்டும் வைத்து அந்த இடைவெளியை உருவாக்கவே முடியாது. நடந்தது அதே ராசெஸ்டரில்.

இரண்டு முறை கைநழுவியது

2005-இல் இயற்பியல் நோபலின் ஒரு பாதி கிளாபருக்கு. மறு பாதியை ஜான் ஹாலும் தியோடோர் ஹென்ஷும் பகிர்ந்துகொண்டார்கள். மூன்று பேர், அதுதான் உச்சவரம்பு. சுதர்சன் பெயர் இல்லை. அவர் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். எந்த ஒளியையும் அப்படி எழுதலாம் என்று முதலில் காட்டியது தான்தான், கிளாபர் அதைப் பின்னால்தான் எடுத்துக்கொண்டார் என்பது அவர் வாதம். இந்தியாவிலும் வெளியிலும் பல இயற்பியலாளர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

கிளாபருக்குத் தகுதி இல்லை என்று சொல்வது அநியாயம். ஃபோட்டான்கள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதை அளக்கும் முழுக் கட்டமைப்பும் அவருடையது, முதல் கட்டுரையும் அவருடையதே. ஆனால் P பட்டியலை அதன் முழு வீச்சோடு முதலில் வைத்தது சுதர்சன்தான் என்பதைத் தேதிகளே சொல்கின்றன: ஏப்ரல் 1963-இல் அவர் கட்டுரை, அதே ஆண்டு செப்டம்பரில் கிளாபரின் விரிவான கட்டுரை. இன்று பாடப்புத்தகங்களில் அதன் பெயர் 'கிளாபர்–சுதர்சன் P'.

இது அவருக்கு முதல் முறையும் இல்லை. முதல் முறை நடந்தது ஒரு லெக்ராஞ்சியனில், அங்கேயும் ஒரு கழித்தல் குறிதான்! 1957-இல் அவர் மார்ஷக்கிடம் ஆராய்ச்சி மாணவர். கதிரியக்கத்துக்குக் காரணமான வலுவற்ற விசைக்கு எந்த மாதிரி லெக்ராஞ்சியன் எழுதுவது என்று உலகமே குழம்பிக் கிடந்த நேரம். ஐந்து வகை சாத்தியங்கள். சோதனைகளோ ஒன்றுக்கொன்று முரண். V என்ற வகையிலிருந்து A என்ற வகையைக் கழித்தால் சரியாக வரும் என்று சுதர்சனும் மார்ஷக்கும் கண்டார்கள். ஒத்துவராத சோதனைகள்தான் தப்பு, திரும்பச் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். ஒரு மாணவனுக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள். சோதனைகளைத் திரும்பச் செய்தபோது இவர்கள் சொன்னதே சரியானது. ஆனால் அந்த வருஷம் ராசெஸ்டரில் நடந்த மாநாட்டில் மாணவர் என்பதால் சுதர்சன் பேசவில்லை. செப்டம்பரில் இத்தாலி மாநாட்டில் மார்ஷக் அதைச் சொன்னார். ஆனால் இதழில் முதலில், 1958 ஜனவரியில், அச்சானது அதே முடிவுக்குத் தனியாக வந்த ஃபெய்ன்மன்–கெல்மான் கட்டுரை. நீண்ட காலம் பெயர் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

1974-இல் என். முகுந்தாவோடு சேர்ந்து, லெக்ராஞ்சியனில் தொடங்கும் பழைய இயக்கவியலைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதினார் சுதர்சன். 1984-இல் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக வந்து சில ஆண்டுகள் இருந்தார். அங்கே ஆர். சைமன், சுதர்சன், முகுந்தா மூவரும் சேர்ந்து ஒளியின் குவாண்டம் நிலைகளைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். 2018-இல் மே மாதம் சுதர்சன் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் கிளாபரும்.

இன்னைக்கு இது எதுக்கு?

ஐ.டி.யில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மத்திய அரசு 2023-இல் 6,003 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்தில், குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்திருக்கிறது. அந்தத் துறையின் முக்கிய வேலைகளில் ஒன்று, ஒட்டுக் கேட்க முடியாத ரகசியச் சாவியை ஃபோட்டான்கள் வழியே அனுப்புவது. உங்கள் யு.பி.ஐ. இப்போது இதில் ஓடவில்லை. குவாண்டம் கணினிகள் இன்றைய பூட்டுகளை உடைக்கும் நாள் வந்தால் தேவைப்படும் என்பதால்தான் இத்தனை அவசரம்.

உண்மையில் இதற்கு ஒற்றை ஃபோட்டான், அதாவது மைனஸ் ரக ஒளி வேண்டும். அதைத் தேவைப்படும்போதெல்லாம் தவறாமல் தயாரிப்பது இன்னும் கஷ்டமான, செலவான வேலை. அதனால் பெரும்பாலும் சாதாரண லேசரையே மங்கலாக்கி அனுப்புகிறார்கள். மேலே பார்த்த டீக்கடைக் கணக்கு இங்கே வந்து நிற்கும். ஒரு துடிப்புக்குச் சராசரி அரை ஃபோட்டான் வைத்தால், நூறு துடிப்பில் 61 வெறுமையாகப் போகும், 30-இல் ஒரு ஃபோட்டான் இருக்கும், 9-இல் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த 9-தான் ஓட்டை. திருடன் நடுவில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. சராசரியை 0.1 ஆகக் குறைத்தால் இந்த ஆபத்து இருநூறில் ஒன்றாகச் சுருங்கும், ஆனால் நூற்றில் 90 துடிப்பு காலி, வேகம் படுத்துவிடும்.

தீர்வாக வந்தது பொய்த் துடிப்பு முறை. வெவ்வேறு பிரகாசத்தில் துடிப்புகளைக் கலந்து கலந்து அனுப்புவார்கள், எது எந்தப் பிரகாசம் என்பதைக் கடைசியில்தான் வெளியிடுவார்கள். சராசரி 0.5 துடிப்பிலிருந்து வந்த இரண்டு ஃபோட்டானும், 0.1 துடிப்பிலிருந்து வந்த இரண்டு ஃபோட்டானும் பார்க்க ஒரே மாதிரி. திருடனால் பிரித்தறிய முடியாது. இரண்டு ஃபோட்டான் வந்த துடிப்புகளை மட்டும் அவன் பொறுக்கி எடுத்தால், ஒவ்வொரு பிரகாசத்திலும் வந்து சேர வேண்டிய எண்ணிக்கையில் இடிக்கும். எவ்வளவு இடிக்கிறது என்று பார்த்து, சாவியை வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா என்று முடிவு செய்வார்கள்.